அறிவினாவும் கொடைவினாவும்: ஒரு வினாடி வினா மாலைக்கு மக்கள் ஏன் திரும்பி வருகிறார்கள்?

மதுக்கூடங்களில் வாரந்தோறும் நடக்கும் வினாடி வினாவைக் கல்விப்புலத்தார் பெரும்பாலும் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுகிறார்கள். வினா எழுப்புவதையே தொழிலாகக் கொண்ட நாம் அப்படிக் கடந்துபோகலாகாது என்பது என் கருத்து. ஒரு வியாழன் மாலை 60 பேர் வருகிறார்கள். வருகைப் பதிவேடு இல்லை, மதிப்பெண் இல்லை, சான்றிதழும் இல்லை. இரண்டு மணிநேரம் உட்கார்ந்து 40 வினாக்களுக்கு விடை தேடுகிறார்கள். பல அணிகளுக்குப் பாதி வினாக்கள் கைக்கு எட்டுவதில்லை. இருந்தும் அடுத்த வியாழன் அதே முகங்களைக் காண்கிறோம். நம் கருத்தரங்குகளில் எத்தனையைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

பெங்களூருவில் இத்தகைய மாலை ஒன்றை இரண்டு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். கூட்டத்தை முதல் முறை அழைத்துவருவது பரிசாக இருக்கலாம், பானமாக இருக்கலாம், நண்பரின் வற்புறுத்தலாகவும் இருக்கலாம். இரண்டாம் முறை அழைத்துவருவது வினாவின் அமைப்பு மட்டுமே. இதை நிறுவுவதற்கு வினாடி வினாவின் வரலாற்றையும் நம் இலக்கண மரபையும் சற்றுத் துணைக்கு அழைக்கிறேன்.

மதுக்கூட வினாடி வினா பிரிட்டனில் 1970களில் பரவிய ஒன்று. ‘பர்ன்ஸ் அண்ட் போர்ட்டர்’ என்ற நிறுவனம், ஆள்வரத்துக் குறைந்த இரவுகளில் காலி நாற்காலிகளை நிரப்பும் வழியாக இதை மதுக்கூடங்களுக்குக் கொண்டுசென்றது. ஆக, கூட்டம் சேர்ப்பது இவ்வடிவத்தின் பிறவிக்குணம். இந்திய வினாடி வினா வேறு வழியில் வளர்ந்தது. 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்திய பொதுப்போட்டியை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஹைதராபாத்தில் 1972இல் ‘கே-சர்க்கிள்’ தோன்றியது. பெங்களூருவில் 1983இல் ‘கர்நாடக க்விஸ் அசோசியேஷன்’ தோன்றியது. 1985இல் சித்தார்த்த பாசுவின் ‘க்விஸ் டைம்’ தூர்தர்ஷன் வழியாக வீடுகளுக்குள் வந்தது. கல்லூரி விழாக்கள் இம்மரபைத் தத்தெடுத்துக்கொண்டன.

கல்லூரி மேடை மரபின் அமைப்பு நம் எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் எழுத்துச் சுற்று. அதில் தேறிய ஆறு அல்லது எட்டு அணிகள் மேடையேறும். ஏனையோர் பார்வையாளர் ஆவர். மேடையில் ஓர் அணிக்குத் தெரியாத வினா அடுத்த அணிக்குத் தாவும். நுட்பமான, விறுவிறுப்பான அமைப்பு அது. ஆனால் நூறு பேர் வந்த அரங்கில் எழுபது பேரை அரைமணி நேரத்தில் வேடிக்கை பார்ப்பவர்களாக மாற்றிவிடும் அமைப்பும் அதுதான். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவுக்கு இது பொருந்தும். வாரந்தோறும் நடத்தினால், மூன்றாவது வாரம் அந்த எழுபது பேர் வரமாட்டார்கள். மதுக்கூட வடிவத்தில் எல்லா அணிகளும் எல்லா வினாக்களுக்கும் தாளில் விடை எழுதுகின்றன. சுற்று முடிந்ததும் தாளைப் பக்கத்து மேசைக்கு மாற்றித் திருத்துகின்றன. கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் நாற்பதாவது வினா உண்டு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம், விளைவு பெரிது.

இனி வினாவுக்கு வருவோம். நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுக்கிறார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவருக்கு அது தெரியுமா என்று சோதிப்பது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. பிறருக்கு ஒன்றைக் கொடுக்கும் நோக்கில் கேட்பது கொடைவினா. ‘இந்தக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள உன்னிடம் ஒன்றும் இல்லையா?’ என்று கேட்பவர் தகவல் திரட்டவில்லை, போர்வையோடு நிற்கிறார். ஜான் சர்ல் 1969இல் வெளிவந்த தம் நூலில் உண்மை வினா, தேர்வு வினா என்று இரண்டாகப் பகுத்தார். வினாடி வினாவை விளங்கிக்கொள்ள அந்த இருமை போதாது என்பது என் எண்ணம்; நன்னூலாரின் பகுப்பே அதற்கு உதவுகிறது.

உருவத்தால் வினாடி வினாவின் ஒவ்வொரு வினாவும் அறிவினாதான். கேட்பவரிடம் விடை இருக்கிறது. எதிரே இருப்பவர் சோதிக்கப்படுகிறார். ஆனால் அறிவினாவாக மட்டும் நின்றுவிடும் வினா, தெரிந்தவருக்கு மதிப்பெண்ணையும் தெரியாதவருக்குச் சிறுமையையும் தவிர வேறொன்றும் தருவதில்லை. மாலை நேரத்தில் காசு கொடுத்து யாரும் சிறுமையை வாங்க வருவதில்லை. கூட்டத்தைத் திரும்ப வரவைக்கும் வினா, அறிவினாவின் உருவில் வரும் கொடைவினா. விடை சொன்னவருக்கு மட்டுமன்றித் தவறவிட்டவருக்கும் அது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இந்தியாவின் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் 1981 ஜூன் மாதம் விண்ணுக்குச் சென்றது. ‘அது எந்தத் தேதியில் ஏவப்பட்டது?’ என்பது தூய அறிவினா. தெரிந்தவர் எழுதுவார், தெரியாதவர் பேனாவைக் கீழே வைப்பார். மேசையில் உரையாடல் பிறக்காது. அதே செய்தியை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஆப்பிள் செயற்கைக்கோளைச் சோதனைக்காக ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி நிறுத்திய ஒளிப்படம் புகழ்பெற்றது. அது வறுமையின் படம் அன்று, பொறியியலின் படம். லாரி ஏன் உதவாது?’ இதற்கு விடையை முன்பே படித்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் எடையைச் சொல்வார், மற்றொருவர் குலுங்கலைச் சொல்வார். மூன்றாமவர், ‘வண்டி மரத்தால் ஆனது, லாரி இரும்பால் ஆனது’ என்பார். அங்கிருந்து ஆன்டெனா சோதனைக்கும் உலோகம் உண்டாக்கும் இடையூறுக்கும் இரண்டே அடி. தவறாக எழுதிய அணியும் விடையைக் கேட்டதும் தலையில் தட்டிக்கொள்கிறது. எட்டியிருக்கலாமே என்ற அந்த உணர்வுதான் அடுத்த வாரம் அவர்களை அழைத்துவருகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணமும் மாட்டுவண்டியும் ஒருபுறம் இருக்க, இதில் மொழி சார்ந்த கேள்வி ஒன்றும் அடங்கியிருக்கிறது. என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வதும் அதுவே. ‘பொது அறிவு’ என்கிறோம். எந்தப் பொதுவின் அறிவு? நம் நகரங்களின் வினாடி வினாக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆங்கில ராக் இசைக்குழுவின் மூன்றாவது இசைத்தொகுப்பு பொது அறிவாகிறது. யட்சகானத்தின் முடியலங்காரம் ‘வட்டாரச் செய்தி’ ஆகிவிடுகிறது. 2000இல் ‘கோன் பனேகா க்ரோர்பதி’ பிரிட்டன் நிகழ்ச்சியின் வடிவத்தை எடுத்து இந்தியில் நடத்தியபோது, வினாடி வினாவைத் தனதென்று நினைத்தே பார்த்திராத பெருங்கூட்டம் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தது. மக்களுக்கு வினாவில் ஆர்வம் இல்லாமல் இல்லை. வினா அவர்களிடம் அவர்கள் மொழியில் வந்து சேரவில்லை என்பதை அது காட்டியது.

பெங்களூருவின் ஒரு மேசையில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், தமிழ், இந்தி பேசுவோர் ஒன்றாக அமர்ந்திருப்பது அன்றாடக் காட்சி. இதைச் சிக்கலாகக் கருதும் க்விஸ் மாஸ்டர் ஆங்கிலத்துக்குள் ஒதுங்குவார். செல்வமாகக் கருதுபவர் வினாவை வேறுவிதமாக எழுதுவார். ‘இப்பழத்தின் ஆங்கிலப் பெயர் ஓர் ஆங்கில ஆண்பெயரோடு தொடங்குவதுபோல் ஒலிக்கும். உண்மையில் அது மலபார்க் கரையில் போர்த்துகீசியர் கேட்ட சொல்லின் திரிபு. எந்தப் பழம்?’ மலையாளியின் நாவில் ‘சக்க’ இருக்கிறது. ஆங்கிலம் அறிந்தவரிடம் ‘ஜாக்ஃப்ரூட்’ இருக்கிறது. இருவரும் பேசிக்கொண்டால்தான் பலா மேசைக்கு வரும். மற்றொன்று: ‘கன்னட ராஜ்யோத்சவமும் கேரளப்பிறவியும் ஒரே நாளில் வருவது ஏன்?’ 1956 நவம்பர் 1 மாநில மறுசீரமைப்பைப் பாடநூலில் படித்தவரைவிட, தெருவில் சிவப்பு-மஞ்சள் கொடியைப் பார்த்தவரும் பள்ளியில் கேரளப்பிறவி கொண்டாடியவரும் ஒன்றுசேர்ந்தால் விரைவாக எட்டுவார்கள். அணியில் பன்மொழியாளர் இருப்பது ஆதாயம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று ஓரத்தில் அமர்ந்திருந்தவரை அணிகள் தேடிவந்து அழைக்கும். எங்கள் மாலையில் விடையை எந்த எழுத்திலும் எழுதலாம். திருத்தும் மேசைக்கு அந்த எழுத்து தெரியாவிட்டால், எழுதியவரே வந்து படித்துக்காட்டுவார். அவர் சொல்லை நம்புகிறோம். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

நடைமுறையில் கைக்கொள்ளும் சில அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் அணி 40க்கு 30ஐ ஒட்டியும், கடைசி அணி 15க்குக் குறையாமலும் எடுக்க வேண்டும். கடைசி அணி 8 எடுத்தால் பிழை அணியுடையதன்று, வினாத்தாளுடையது. ஓர் அணியில் ஆறு பேருக்கு மேல் கூடாது. தனியாக வருபவர்களைச் சேர்த்து ஒரு மேசை அமைத்துவிட வேண்டும். பரிசு சிறிதாக இருத்தல் நலம். தொகை பெருகினால் பரிசுக்காக ஊர் ஊராகச் செல்லும் வல்லுநர்கள் வருவார்கள், மற்றவர்கள் மெல்ல நின்றுவிடுவார்கள். கிழமையும் நேரமும் மாறக்கூடாது. விடைக்குப் பின் சொல்லும் கதை அரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

கைபேசி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியால் செத்தது தேதி கேட்கும் வினா மட்டுமே. எதைத் தேடுவது என்பதையே கண்டுபிடிக்க வேண்டிய வினா இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கூடிப்பேசி விடையை நெருங்கும் இன்பத்தையும் தேடுபொறி தருவதில்லை. பெரும்பாலோர் கைபேசியைத் தாமே கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

பழுத்த வினாடி வினாக்காரர்களின் மறுப்பு இதைவிடக் கனமானது: கூட்டம் வேண்டும் என்றால் தரம் இறங்கும். கர்நாடக க்விஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகளின் கடினமான போட்டிகளுக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. ஆழ்ந்து படித்தவர்கள் ஒருவரோடொருவர் மோதும் களம் தேவைதான். ஆனால் எளிய வினாவும் எட்டக்கூடிய வினாவும் ஒன்றல்ல. மாட்டுவண்டி வினா எளியதன்று. அரங்கில் பாதி அணிகள் அதில் தவறும். எல்லோருக்கும் ஒரு கைப்பிடி கொடுக்கிறது என்பதே அதன் சிறப்பு. யாராலும் எட்ட முடியாத வினாவை எழுதுவதுதான் உண்மையில் எளிது: கலைக்களஞ்சியத்தின் ஒரு மூலையைத் திறந்தால் போதும்.

இரண்டாவது மறுப்பை நான் முழுமையாகவே ஏற்கிறேன். மதுக்கூடம் எல்லோருக்குமான இடம் அன்று. குடிக்காதவர், கையில் காசில்லாத மாணவர், விடுதிக் கதவு பூட்டும் நேரத்துக்குள் திரும்ப வேண்டிய பெண்கள் ஆகியோர் வாசலிலேயே கழிக்கப்படுகிறார்கள். உரிமையாளர் இதை நடத்த இடம் தருவது அறிவுப் பரவலுக்காக அன்று, வியாழக்கிழமைக் கணக்குக்காக. ஆனால் இவ்வடிவத்துக்கு மது இன்றியமையாதது அன்று. கே-சர்க்கிள் மதுக்கூடம் எதையும் நம்பாமல் பல பத்தாண்டுகள் வாரந்தோறும் கூடியிருக்கிறது. தாள், பேனா, மேசைகள், மாறாத கிழமை இவை போதும்.

ஆகவே நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பல்கலைக்கழகங்களில் உணவகம் இருக்கிறது, மாலை ஆறு மணி இருக்கிறது, பத்து மாநில மாணவர்கள் இருக்கிறார்கள். துறைக்கு ஒருவராக முறைவைத்து, வாரம் ஒருமுறை 40 வினாக்கள் எழுதிப் பார்க்கலாம். வேதியியல் ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வை மொழியியல் மாணவருக்கும் உணவகப் பணியாளருக்கும் எட்டும் வினாவாக மாற்ற முயல்வதைவிட நல்ல பயிற்சியை எந்தப் பயிலரங்கும் தருவதில்லை. கருத்தரங்கின் இறுதியில் நாம் எழுப்பும் வினாக்களில் பல அறிவினாக்கள்: பேசியவருக்கு என்ன தெரியாது, எனக்கு என்ன தெரியும் என்று அரங்குக்குக் காட்டுபவை. அவற்றைக் கேட்டுவிட்டு முதலாமாண்டு மாணவர் அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்தால் நாம் அவரைக் குறை சொல்கிறோம். மதுக்கூடத்தில் அந்த வசதி கிடையாது. நாற்காலி காலியானால் பொறுப்பு வினா எழுதியவருடையது; அடுத்த வியாழனுக்குள் வேறு வினா எழுத வேண்டும்.