கரகரப்பு வரலைன்னு ஒரு ரிப்பேர்!

"வாழ்நாள் பூரா கரகரப்பை எடுக்கத்தான்டா காசு வாங்கியிருக்கேன். நீ என்னடான்னா கரகரப்பு வர்லைன்னு கூப்புடுற!"

போன ஞாயிற்றுக்கிழமை, திருப்புலிவனத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பா சொன்னது இது. உத்திரமேரூரில் இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். செல்போனிலேயே பாட்டு வந்துவிட்ட பிறகு கடைக்கு வேலை இல்லை, மூடிவிட்டார். அதற்கப்புறம் அவர் சால்டரிங் அயர்னைத் தொட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

கூப்பிட்டது என் தம்பி. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். அம்மாவின் சீட்டுப் பணத்தில் பாதியை எலெக்ட்ரிக் கிடாருக்குக் கரைத்தவன். சனிக்கிழமை காலேஜ் கல்ச்சுரல்ஸ். கிடாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் காலால் மிதிக்கும் ஒரு டப்பா வைப்பார்களே, ஓவர்டிரைவ் பெடல், அது இல்லாமல் ராக் பாட்டு எடுபடாதாம். கடையில் ஆயிரக்கணக்கில் விலை. அம்மாவிடம் இன்னொரு தடவை வாய் திறக்கத் தைரியம் இல்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சில நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, டாட் போர்டில் அவனே பற்றவைத்துவிட்டான். ஸ்விட்சை மிதித்தால் சத்தமே இல்லை. மூன்று நாளாக ஒவ்வொரு பார்ட்டாகக் கழற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் போர்டைக் குப்பையில் போடப் போனவனை நான்தான் பெரியப்பாவிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

பெரியப்பாவின் கேலியில் நியாயம் இருக்கிறது. இந்தச் சத்தமே ஒரு ரிப்பேரில் பிறந்ததுதான். 1961-ல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாட்டை அமெரிக்காவின் நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, மிக்சர் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் கரகரவென்று உறுமியது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். இன்ஜினீயர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே ஒரு டப்பாவுக்குள் அடைக்க வழி கண்டுபிடித்தார். 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' விற்பனைக்கு வந்தது. 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் பேப்பரை பிளேடால் கிழித்தே வாசித்தார். "ஸ்பீக்கரையா கிழிச்சான்?" என்று பெரியப்பா இரண்டு தடவை கேட்டார். கிழிந்த ஸ்பீக்கருக்குப் பேப்பர் ஒட்டியே சாப்பிட்ட மனுஷர் அவர்.

தம்பி செய்தது எழுபதுகளின் கடைசியில் ஜப்பானில் இருந்து வந்த 'டியூப் ஸ்க்ரீமர்' பெடலின் வழியில் ஒரு சர்க்யூட். உள்ளே 4558 என்ற எட்டுக்கால் ஐசி. கிடாரின் சின்ன சிக்னலை அது பெரிதாக்கும். அதோடு எதிரெதிராக இரண்டு டையோடு. சிக்னல் அரை வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டியதும் டையோடு திறந்து அலையின் உச்சியை மழுக்கிவிடும். அந்த மழுங்கல்தான் காதுக்குக் கரகரப்பு.

பெரியப்பா பார்ட் எதையும் கழற்றவில்லை. "எங்க நின்னு போச்சுன்னு தெரியாம எதைடா மாத்துவ?" என்றார். பேட்டரியைப் போடச் சொன்னார். ஆம்ப்ளிஃபயரில் இருந்து பின்னோக்கி வந்தார். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் விரலை வைத்தார். ஸ்பீக்கரில் 'உர்ர்ர்' என்றது. அதுவரைக்கும் வழி சரி. ஐசிக்குள் சிக்னல் போகும் மூன்றாம் காலைத் தொட்டார். சத்தமே இல்லை. அந்தக் கால ரேடியோ மெக்கானிக்குகளின் வித்தை இது. இங்கே 9 வோல்ட் பேட்டரி என்பதால் விரல் வைக்கலாம். வீட்டு கரன்ட்டில் ஓடும் எதிலும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் மீட்டர். கறுப்பு முனை கிரவுண்டில். எட்டாம் காலில் 9 வோல்ட், சரி. மூன்றாம் காலில் பாதி, அதாவது நாலரை வோல்ட் நிற்க வேண்டும். பூஜ்யம்! இரண்டு 10கே ரெசிஸ்டர்கள்தான் அந்தப் பாதியைப் பிரித்துக் கொடுக்கின்றன. பேட்டரியை எடுத்துவிட்டு, அவை சேருமிடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 'பீப்' என்று கத்துகிறது. ஷார்ட். போர்டைத் திருப்பினால், மயிரிழை அகலத்தில் ஈயம் வழிந்து இரண்டு புள்ளிகளைக் கட்டிப்போட்டிருந்தது.

பெரியப்பா அயர்னைக் கையில் எடுத்தார். கை நடுங்கியது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். "நீ சுடு, நான் சொல்றேன்" என்று அயர்னைத் தம்பியிடம் கொடுத்தார். "ஈயத்தைச் சுடாத, காலைச் சுடு. கால் சூடானா ஈயம் தானா ஓடி வரும்."

சத்தம் வந்துவிட்டது. ஆனால் சும்மா கிடார் சத்தம். டிரைவ் திருகை முழுக்கத் திருப்பினாலும் லேசான சொரசொரப்போடு சரி. தம்பி டையோடைக் கழற்றக் கை வைத்தான். கையில் ஒரு தட்டு விழுந்தது. "மொதல்ல பெருசாவுதான்னு பாரு. பெருசாவாம எதை மழுக்கும்?"

எவ்வளவு பெரிதாக்குவது என்று தீர்மானிக்கும் ரெசிஸ்டர் 4.7கே இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு வண்ணக் கோடு தெரியவில்லை. நான் போன் கேமராவைப் பெரிதாக்கிப் படித்தேன்: மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு, அப்படியென்றால் 47கே. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தம்பி இரண்டையும் குழப்பியிருக்கிறான். ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தோம், 47-தான். கணக்குப் போட்டால், 118 மடங்கு பெரிதாக வேண்டியது 13 மடங்கோடு நின்றிருக்கிறது. மூன்று நாளாக அவன் மாற்றாதது அந்த ஒன்றைத்தான்.

சரியானது ஏறியதும் தம்பி ஒரு கார்டு அடித்தான். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார். "அவுட்புட் போன செட்டு மாதிரியே இருக்கு" என்றார். தம்பிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

நீங்களோ உங்கள் வீட்டுப் பையனோ இதில் இறங்கினால் ஒன்று கவனியுங்கள். பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போடும்போது, பெரும்பாலான கிடார் பெடல்களுக்கு நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் மற்ற அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிச் செருகினால் ஐசி போய்விடும்.

எங்களுக்கு மிச்சம் இருப்பது டியூப்லைட் போட்டால் வரும் 'ம்ம்ம்' சத்தம். உலோக டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை கிரவுண்டோடு சேர்த்தால் பெருமளவு அடங்கும் என்கிறார் பெரியப்பா. எவர்சில்வரில் ஓட்டை போடுவது கஷ்டம், அலுமினியம்தான் தோது என்று சொல்லி, போர்டைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு அலுமினிய டிபன் பாக்ஸ். பெரியம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது.