சிலம்பு உடைவதற்கு முன்

மதுரை மூதூரில் பொற்கொல்லன் குற்றம் சாட்டினான், மன்னன் ஆணையிட்டான், கோவலன் மீது வாள் வீழ்ந்தது. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா, மாணிக்கமா என்று கேட்க அங்கே ஒருவருமில்லை. கேட்பதற்குக் கண்ணகி வந்தாள், வழக்காடினாள், வென்றாள். ஆனால் அவள் வென்றபோது கணவன் வெட்டுண்டு கிடந்தான். வழக்குரைக்க ஆள் வந்தது, காலங்கடந்து வந்தது. அதுதானே அந்தக் காப்பியத்தின் கண்ணீர்!

அது பழங்கதை என்று எண்ணாதீர். விளையாட்டுத் திடலில் அது மீண்டும் நடந்தது. நம் புதுக்கோட்டைச் சீமையின் கத்தக்குறிச்சியிலே, செங்கற்சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராசன். 2006 டிசம்பர்த் திங்களில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓடினார், வெள்ளி வென்றார். ஊரின் மகிழ்ச்சி அடங்குவதற்குள், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தனர். அவர் எந்தப் பொய்யும் சொன்னதில்லை. எந்த மருந்தையும் உட்கொண்டதாகக் குற்றச்சாட்டுமில்லை. பிறந்த உடலே குற்றமாயிற்று! மருத்துவ இரகசியமாக இருக்க வேண்டியது மறுநாள் ஊர்ப்பேச்சாயிற்று. 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்வதாக ஏடுகள் எழுதின. பின்னர்ப் பயிற்சியாளரானார், இளைஞரை உருவாக்கினார். பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

அப்போது முறையிட இடமே இல்லையா? இருந்தது, தோழர்களே! சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1984 முதல் விளையாட்டு வழக்குகளுக்கென நடுவர் மன்றம் ஒன்று இயங்கி வருகிறது. வேறு கெடு விதிக்கப்படாதபோது, முடிவு கிடைத்த 21 நாட்களுக்குள் அங்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். இருபத்தொரே நாட்கள்! கூலிக்காரர் குடும்பத்துப் பெண்ணுக்கு லோசான் எங்கே தெரியும்? கெடு யார் சொல்வார்? கதவு திறந்திருந்தது, கதவு இருக்கிறதென்று சொல்லத்தான் ஆளில்லை.

எட்டாண்டுகள் உருண்டன. ஒடிசாவின் நெசவாளர் வீட்டு மகள் டூட்டி சந்த் 2014-இல் அதே வாளின் கீழ் நின்றார். இயற்கையாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அளவு மிகுதி என்று கூறி, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் செல்லவிருந்தவரைத் தடுத்தனர். ஆனால் இம்முறை காட்சி மாறிற்று. அறிஞர்கள் அருகில் வந்தனர். இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. கனடாவின் டொரான்டோ நகர வழக்கறிஞர்கள் கட்டணம் பெறாமல் வாதாட வந்தனர். 2015 மார்ச்சுத் திங்களில் லோசானில் விசாரணை நடந்தது.

அங்கே எழுந்த கேள்வியின் எளிமையைப் பாருங்கள். இந்த விதி பெண்களுக்கு மட்டும்தான்; இயற்கை தந்த உடலின் பேரில் வேற்றுமை காட்டுகிறது. அப்படியானால் அது தேவையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? ஓடிய பெண்ணா? விதி செய்த சம்மேளனமா? விதி செய்தவரே மெய்ப்பிக்க வேண்டும் என்றது மன்றம். சம்மேளனம் காட்டிய சான்று போதவில்லை. அவ்வாண்டு ஜூலை 24-இல் அவ்விதி ஈராண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 2016-இல் டூட்டி ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 சகார்த்தா ஆசியப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார்.

இருவரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. இருவரும் ஓட்டத்தில் வல்லவர்களே. ஒருவருக்குத் தீர்ப்பு முதலில் வந்தது, விசாரணை வரவேயில்லை. மற்றவருக்கு விசாரணை நடந்து தீர்ப்பு வந்தது. உரிய நாளில் உடன் நின்ற வழக்கறிஞரே இவ்விருவரிடையே அமைந்த பெரும் வேறுபாடு!

வழக்கறிஞர் வந்தால் வெற்றி உறுதியா என்று கேட்பீர்கள். இல்லை. பாரிசில் 2024-இல் 100 கிராம் எடை கூடியதால் இறுதிப்போட்டியை இழந்த வினேஷ் போகத்துக்குப் புகழ்வாய்ந்த வழக்கறிஞர்கள் வாதாடினர், முறையீடு தள்ளுபடியாயிற்று. டூட்டி சந்தும் 2023-இல் ஊக்கமருந்து வழக்கில் நான்காண்டுத் தடை பெற்றார். தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 2019-இல் லோசானில் தோற்றார். ஆயினும் 2025 ஜூலை 10-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்தின் உயர்மன்றம் அவர் வழக்கைப் போதிய ஆழத்தோடு ஆராயவில்லை, நேரிய விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. வெற்றியை நாம் உரிமையாகக் கேட்கவில்லை. தோற்பவனும் தன் சொல்லைச் சொல்லிவிட்டுத் தோற்க வேண்டும் என்கிறோம். மிகையா இது?

"ஆடுகளத்தில் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று ஏளனம் செய்வோர் உண்டு. ஐயா, சட்டம் அங்கே முன்னமே குடியேறிவிட்டது! பெரும்போட்டிகளின் நுழைவுப் படிவத்தில் வீரன் இடும் கையெழுத்து, வழக்கை ஊர் நீதிமன்றத்திலிருந்து எடுத்து நடுவர் மன்றத்தின் கையில் கொடுத்துவிடுகிறது. ஊக்கமருந்து விதியில், தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் காணப்பட்டாலே குற்றம். அது எவ்வாறு வந்ததென்று விளக்க வேண்டியவன் வீரனே. இருமலுக்கு அருந்திய மருந்தும் இடராகலாம். இரண்டாம் குப்பியைச் சோதிக்கக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. கெடுவுக்குள் கேட்காவிட்டால் அது கைவிட்டுப் போகும். பயிற்சியாளரின் பணி ஒப்பந்தத்தை முறிப்பதும், அணித் தேர்வில் ஒருவரை ஒதுக்குவதும் தாளின் மேல்தான் நடக்கின்றன. அந்தத் தாளைச் சம்மேளனத்தின் வழக்கறிஞர் எழுதுகிறார். வீரனின் பக்கம் படிப்பவர் எவர்?

வாய்ப்புகள் இல்லாமலில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் கட்டணமில்லாச் சட்ட உதவியை உரிமையாக்கியது. லோசான் மன்றத்திலும் வறியவர்க்கு உதவி நிதி உண்டு. 2025-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், தேசிய விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கு வழிவகுத்தது. ஆனால் கேட்காத உரிமை, ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவாது!

ஆகவே தோழர்களே, சட்டம் பயின்ற இளைஞர்கள் நம்மிடையே ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: உங்கள் வட்டத்தின் கபடித் திடலுக்கும் ஓடுதளத்துக்கும் ஒருமுறை போங்கள். அங்கே வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைக்குப் படிவத்தைப் படித்துச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டு உண்ணச் சொல்லுங்கள். கடிதம் வந்தால் அன்றே கொண்டுவரச் சொல்லுங்கள். மாவட்டந்தோறும் விளையாட்டு அலுவலகத்தில் வீரர்களுக்கென ஒரு சட்ட உதவியாளர் அமரவேண்டுமென்று ஆள்வோரிடம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.

பதக்கம் பெற்றுத் திரும்பும் நாளில் மாலையோடு நிற்க ஆயிரம் பேர் வருவார்கள். பதக்கம் பறிக்கப்படும் நாளில், சட்டப் புத்தகத்தோடு பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை நாம் அனுப்புவோம். வாள் ஓங்குவதற்கு முன்பே அனுப்புவோம்!