எங்கிருந்து தெரிந்தது?



ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் அஞ்சலட்டை எழுதியிருக்கிறார். "விமானத்தைக் கம்ப்யூட்டரே ஓட்டுகிறதாமே! பைலட் அதை நம்பலாமா, கூடாதா?" கேள்வி ஒரு வரிதான். பதில் ஒரு வரிக்குள் அடங்காது என்பதால் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

மேகத்துக்குள் நுழைந்த பைலட் முதலில் சந்தேகப்பட வேண்டியது தன் காதைத்தான். விமானம் மெல்லச் சாய்ந்து வளைந்துகொண்டே இருந்தால், சற்று நேரத்தில் உட்காதுக்கு அது பழகிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும். நிமிர்த்தினால், மறுபக்கம் சாய்வது போலிருக்கும். உடம்பு சொல்வதை விடு, எதிரே இருக்கும் கருவியைப் பார் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே, ஒரு ரஷ்யப் பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் 36,000 அடியில் நெருங்கின. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அடுத்த சில நொடிகளில், மோதலைத் தவிர்க்கும் கருவி அதே விமானத்தை ஏறச் சொன்னது. பைலட்டுகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். சரக்கு விமானமோ தன் கருவி சொன்னபடி இறங்கியது. இரண்டும் மோதி 71 பேர் இறந்தார்கள். கருவியும் கட்டுப்பாட்டாளரும் முரண்பட்டால் கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்ற விதி அதன்பிறகு ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டது.

அப்படியானால் கருவியே கதி என்று இருந்துவிடலாமா? 2009 மே 31-இல் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 வேறு கதை சொல்கிறது. விமானத்தின் மூக்கருகே காற்றை எதிர்கொண்டபடி சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பிட்டோ குழாய்கள் என்பார்கள். வேகம் எவ்வளவு என்பது அவற்றின் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். அட்லாண்டிக் மேலே பனித்துகள்கள் அவற்றை அடைத்தன. வேகக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆட்டோபைலட் விலகிக்கொண்டது.

ஒரு நிமிடத்துக்குள் குழாய்கள் சரியாகிவிட்டன. ஆனால் அதற்குள் பைலட் ஒருவர் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்து, 35,000 அடியிலிருந்து கிட்டத்தட்ட 38,000 அடிக்கு ஏற்றிவிட்டார். இறக்கைகள் தூக்கும் சக்தியை இழந்தன. 'ஸ்டால், ஸ்டால்' என்று எச்சரிக்கை அலறியது. கொடுமை என்னவென்றால், வேகம் மிகவும் குறைந்தபோது 'இந்த எண்ணை நம்ப முடியாது' என்று கம்ப்யூட்டர் எச்சரிக்கையையே நிறுத்திவிட்டது. மூக்கைத் தாழ்த்தினால்தான் பிழைக்க முடியும். தாழ்த்தினாலோ வேகம் கூடி, அலறல் மறுபடி தொடங்கும்! சரியானதைச் செய்யும்போது கருவி கத்துகிறது. தவறு செய்யும்போது மௌனமாக இருக்கிறது. இருட்டில், சில நிமிடங்களுக்குள், யாருக்குத்தான் குழம்பாது? 228 பேரும் இறந்தார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. யூபர்லிங்கனில் இரு விமானங்களின் கருவிகளும் நேரடியாகப் பேசி, நீ ஏறு, நான் இறங்குகிறேன் என்று முடிவு செய்திருந்தன. தரையிலிருந்தவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. அட்லாண்டிக் மேலே கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குழாய்கள் சொன்னது மட்டும். ஆக, நம்பலாமா என்று கேட்பதற்கு முன், 'இது உனக்கு எங்கிருந்து தெரிந்தது?' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

அப்படிக் கேட்கும் வாய்ப்பையே பறித்தால் என்ன ஆகும் என்பதைப் போயிங் 737 மேக்ஸ் காட்டியது. ஒரே ஓர் உணரியை நம்பி மூக்கைக் கீழே தள்ளும் மென்பொருள் அதில் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே பைலட்டுகளுக்கு முதலில் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று, கைப்பழக்கம். ஆட்டோபைலட் விலகும் அந்த நொடியில் கை தயாராக இருக்க வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பைலட்டுகளைக் கையால் ஓட்டிப் பழகவிடுங்கள் என்று அமெரிக்க விமானத் துறை 2013-இல் விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

அஞ்சலட்டை வந்த அன்று மாலை அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தேன். மெஷின் 170 காட்டியது. பதறிப்போய் டாக்டரை அழைக்க போனை எடுத்தேன். அம்மா அசையவில்லை. "ஸ்வெட்டர் மேலயே பட்டையக் கட்டிட்டு டாக்டரக் கூப்பிடுறியே" என்றார். கையை மடித்துவிட்டு மறுபடி கட்டினேன். 132.

அன்புடன்,
ஆசிரியர்