பட்டியலில் ஏறிவிட்டால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஜப்பானியர்கள் கையால் செய்யும் 'வாஷி' காகிதம் பற்றிய காணொளி ஒன்று நம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1300 ஆண்டுக் கலை, யுனெஸ்கோ அங்கீகாரம், இனி அழியாது என்று எழுதி எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் ஒரு விளக்கம். மல்பெரி என்றதும் பட்டுப்புழுவுக்குப் போடும் செடி என்று பலர் நினைக்கிறார்கள். இது வேறு. கோஸோ என்ற காகித மல்பெரி, அதற்குப் பங்காளி முறை. குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் கிளைகளை வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரிக்கிறார்கள். கறுப்பு மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெள்ளை உட்பட்டையைக் காரநீரில் வேகவைத்து அலசி, ஒட்டியிருக்கும் தூசி துரும்பை விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார்கள். பிறகு அடித்து நாராக்கித் தொட்டித் தண்ணீரில் கலந்து, மூங்கில் தட்டியால் அள்ளி அள்ளி ஆட்டுகிறார்கள். காணொளியில் வருவது பெரும்பாலும் இந்தக் கடைசி வேலைதான்.

அந்தத் தொட்டியில் இன்னொரு பொருளும் உண்டு. டொரோரோ அவோய் என்ற செடியின் வேரை நசுக்கி ஊறவைத்த கொழகொழப்பான நீர். அந்தச் செடி நம் வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். வெண்டைக்காய் நறுக்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்! பசைபோலத் தெரிந்தாலும் ஒட்டுவதற்கு அல்ல அது. நார் அடியில் தங்காமல் மிதக்கவும், தட்டியிலிருந்து தண்ணீர் மெதுவாக வடியவும்தான். ஈரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அழுத்திய பிறகும் ஒவ்வொன்றாகக் கிழியாமல் பிரிக்க முடிவதும் அதனால்தான். வெப்பம் கூடினால் கொழகொழப்பு சீக்கிரம் போய்விடும். ஆகவே கை விறைக்கும் குளிரில்தான் நல்ல காகிதம் பிறக்கிறது.

மரக்கூழின் நார் 1 முதல் 3 மில்லிமீட்டர். கோஸோ நார் சுமார் 10 மில்லிமீட்டர். நாரா நகரத்து ஷோசோயின் கருவூலத்தில் 702ஆம் ஆண்டுக் குடும்பப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன, மினோ பகுதியினுடையதும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் 40 ஆண்டுப் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் அப்பளம்போல் நொறுங்கும். பிறந்த தேதி கேட்டு வந்தவர்களிடம் என்ன சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது மூன்று பகுதிகளின் காகிதத்துக்கு அந்தப் பெருமை கிடைத்தது: ஷிமானே மாகாணத்தில் ஒன்று, கிஃபு மாகாணத்தில் மினோ, சைதாமாவில் ஒன்று. ஆனால் மினோவின் உயர்ந்த காகிதத்துக்குக் கோஸோ வருவது மினோவிலிருந்து அல்ல, இபராக்கி மாகாணத்து டைகோவிலிருந்து. அதே இபராக்கியில் ஒமிதாமா என்ற ஊரில்தான் அந்த வேர்ச் செடியும் அதிகம் விளைகிறது. அங்குள்ள விவசாயிகள், வயதாகிவிட்டது, இனிப் பயிரிட முடியாது என்று 2019இல் அறிவித்ததும் காகிதம் செய்பவர்கள் கலங்கிப்போனார்கள். பட்டியலில் ஏறி ஐந்தே ஆண்டு!

மாநிலத்தில் முதலிடம் வாங்கிய பிள்ளையோடு படம் எடுத்துக்கொள்ள எத்தனையோ பேர் வருவார்கள். அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஒன்றாம் வகுப்பு டீச்சரை மேடைக்கு யார் கூப்பிடுகிறார்கள்? தொடக்கப் பள்ளியிலேயே காலம் கழித்தவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் அதிகமாகவே உறைக்கிறது.

வேருக்குப் பதில் வேதிப்பொருள் இருக்கிறதே, தாய்லாந்துப் பட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கின்றன, பலர் பயன்படுத்தவும் செய்கிறார்கள். பிழைப்புக்காக அதை நாடுபவரைக் குறைசொல்ல மாட்டேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 60,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் செய்த தொழில், இன்று சில நூறு குடும்பங்களில் நிற்கிறது. ஆனால் பட்டையும் வேரும் மாறிப்போனால், மரபு என்று நாம் கைதட்டுவது எதற்கு? தட்டியை ஆட்டும் கைக்கு மட்டுமா?

அந்த ஊர்ப் பள்ளிகளில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. படிப்பு முடிக்கும் பிள்ளைகள் தங்கள் சான்றிதழுக்கான தாளைத் தாங்களே செய்கிறார்கள். ஆசிரியனாக எனக்குப் பொறாமையே வருகிறது. அந்தப் பிள்ளைகளைத் தொட்டியோடு நிறுத்தாமல் வயல்வரை அழைத்துப்போக வேண்டும். அதைவிட முக்கியம் காசு. காகிதத்துக்குக் கொடுக்கும் விலையிலும் அரசு தரும் உதவியிலும் ஒரு பங்கு விதைப்புக்கு முன்பே விவசாயி கைக்குப் போக வேண்டும். விற்றபின் பார்க்கலாம் என்றால் அடுத்த ஆண்டு வேர் இருக்காது.

யாராவது அடுத்த கோடையில் ஜப்பான் போனால் இபராக்கிப் பக்கமும் போய் வாருங்கள். வேர் பருக்க வேண்டும் என்பதற்காக வெயிலில் நின்று மஞ்சள் பூ மொட்டுகளைக் கையால் கிள்ளிப் போடுவார்கள். அதையும் காணொளி எடுத்து அனுப்புங்கள். நானே நாற்பது பேருக்கு அனுப்புகிறேன்.