ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை... கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள வேண்டியவை!

கடைசி ரேடியேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்... ''அப்பாடா, எல்லாம் முடிஞ்சுது!''

தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட கணவருக்கும், தினமும் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வந்த மனைவிக்கும் மட்டும்தான் தெரியும், இன்னும் முடியவில்லை என்று.

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம், மொத்தம் 35 முறை ரேடியேஷன். இடையிடையே கீமோ. தலை அசையாமல் இருக்க முகத்தில் மாட்டும் வலை போன்ற முகமூடி. எச்சில் விழுங்கினாலே எரியும் தொண்டை. அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியாயிற்று. 'கட்டி போயிடுச்சா டாக்டர்?' என்று கேட்டால் மட்டும், 'மூணு மாசம் கழிச்சு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்' என்று பதில் வருகிறது.

சிகிச்சை நடக்கும்போது பயப்படக்கூட நேரம் இருக்காது. கஞ்சி காய்ச்ச வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும், டோக்கன் போட வேண்டும். எல்லாம் நின்று வீடு அமைதியான பிறகுதான், அடக்கிவைத்த பயம் மொத்தமாக மேலே வருகிறது. அந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது?

ஏன் உடனே ஸ்கேன் எடுப்பதில்லை?

'உள்ளே நோய் மிச்சம் இருந்தால் இந்த மூன்று மாதத்தில் வளர்ந்துவிடாதா?' பல மனைவிகள் வெளியே கேட்கத் தயங்கும் கேள்வி இது. பதில் தெரிந்தால் பாதி பாரம் குறையும்.

பெட் ஸ்கேனுக்கு முன்பு உடம்பில் செலுத்துவது, லேசான கதிரியக்கம் சேர்த்த ஒருவகை குளுக்கோஸ். புற்றுநோய்ச் செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுப்பவை. அதனால் அவை இருக்கும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால், ரேடியேஷனால் புண்ணாகி ஆறிக்கொண்டிருக்கும் சதையும், அதை ஆற்றுவதற்காக அங்கே திரளும் வெள்ளை அணுக்களும்கூட சர்க்கரையை இழுக்கும். அவசரப்பட்டு எடுத்தால், ஆறுகிற புண்ணும் நோய் மாதிரியே தெரிந்து எல்லோரையும் கலங்கடிக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ரேடியேஷன் பட்ட புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் அன்றைக்கே செத்துவிடுவதில்லை. பல செல்கள், பிறகு இரண்டாகப் பிரிய முயலும்போதுதான் அழிகின்றன. அதாவது, ரேடியேஷன் நின்ற பிறகும் அதன் வேலை உள்ளே பல வாரங்கள் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் சுமார் 12 வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் காத்திருப்பால் என்ன பலன் என்பதை பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்த 564 பேர் அதில் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு, கழுத்து நெறிக்கட்டிகளை அகற்றும் ஆபரேஷனும் சிகிச்சைத் திட்டத்திலேயே இருந்தது. இன்னொரு பிரிவினருக்கு, கீமோவும் ரேடியேஷனும் முடிந்து 12 வாரம் கழித்து பெட் ஸ்கேன். அதில் நோய் தெரிந்தாலோ, சந்தேகம் இருந்தாலோ மட்டும் ஆபரேஷன். 2016-ல் முடிவுகள் வெளியாயின. உயிர் பிழைத்திருந்தவர்கள் விகிதத்தில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் பிரிவில் நடந்த ஆபரேஷன்கள் 221. இரண்டாவது பிரிவில் வெறும் 54.

ஆக, இந்த 12 வாரம் யாரோ தள்ளிப்போட்ட நாள்கள் அல்ல. சிகிச்சையின் ஒரு பகுதி.

அதற்காக எல்லாவற்றையும் ஸ்கேன் நாள்வரை பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்தில் புதிதாகக் கட்டி, வாயிலோ தொண்டையிலோ ரத்தம், மூச்சுவிடச் சிரமம், விழுங்கும் வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போவது... இதில் எது வந்தாலும் தேதிக்காகக் காத்திருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரே கட்டில், இரண்டு மௌனம்

காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் தூக்கம் வரவேண்டுமே!

''ஏங்க, தூங்கலையா?''

''கொசு கடிக்குது. நீ படும்மா.''

இரவு இரண்டு மணிக்கு எத்தனையோ வீடுகளில் நடக்கிற உரையாடல் இது. கொசு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஷேவ் செய்யும்போது அவர் விரல் கழுத்தைத் தடவிப் பார்க்கிறது. அதை அவள் கவனிக்கிறாள், கேட்பதில்லை. அவர் ஒரு முறை இருமினால் அடுப்படியில் அவள் கை அப்படியே நிற்கிறது. அதை அவர் கவனிக்கிறார், சொல்வதில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், 'தொண்டைப் புற்றுநோய் திரும்ப வருமா?' என்று தேடுகிறாள். அவர் அதே கேள்வியைக் கடையில் உட்கார்ந்து தேடுகிறார். 'அவ பயந்துடக் கூடாது' என்று இவரும், 'அவரு மனசு விட்டுடக் கூடாது' என்று அவளும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள். கடைசியில் இரண்டு பேருமே தனியாகிவிடுகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறது. ஸ்கேன், ஆங்ஸைட்டி என்ற இரண்டு வார்த்தைகளையும் சேர்த்து 'ஸ்கேங்ஸைட்டி' என்கிறார்கள். எலும்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அமெரிக்க எழுத்தாளர் ப்ரூஸ் ஃபீலர், 2011-ல் 'டைம்' இதழில் இதைப் பற்றி எழுதினார். பெயர் வைக்கும் அளவுக்கு இது பலருக்கும் வருகிற ஒன்று. கோழைத்தனமும் இல்லை, 'நெகட்டிவாக நினைப்பதும்' இல்லை. நோயாளிக்கு மட்டும் வருவதும் இல்லை. கூடவே இருக்கிற துணைக்கும் அதே அளவுக்கு வரும். வித்தியாசம் என்னவென்றால், நோயாளியிடம் 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். துணையிடம், 'நீதாம்மா தைரியமா இருக்கணும்' என்று சொல்லத்தான் ஆள் இருக்கிறது.

இதற்கு வழி எளிமையானது, ஆனால் சொல்ல வாய் வராதது. ''எனக்கு பயமா இருக்குங்க'' என்று சொல்லிவிடுவதுதான். அதைக் கேட்பவர், ''அதெல்லாம் ஒண்ணும் இருக்காது'' என்று உடனே மூடிவிடக் கூடாது. ஒன்றும் இருக்காது என்பது இரண்டு பேருக்குமே இன்னும் தெரியாத விஷயம். ''எனக்கும்தான்'' என்று சொன்னால் போதும். அன்றைக்கு ரிப்போர்ட் மாறிவிடாது. ஆனால் அந்த இரவில் கொசுவைக் குற்றம் சொல்லத் தேவையிருக்காது.

நாள் முழுக்க இதையே பேச வேண்டும் என்றும் இல்லை. சாயங்காலம் காபிக்குப் பிறகு ஒரு கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க நினைக்கும் கேள்வி, மனதில் ஓடும் பயம், பணக் கணக்கு எல்லாம் அந்த நேரத்தில். மற்ற நேரத்தில் பயம் தலைதூக்கினால், 'இதைச் சாயங்காலம் பேசிக்கலாம்' என்று ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடலாம். தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்று இல்லை. மனைவியும் அழைக்கலாம்.

ஸ்கேன் அன்று

என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்த நாள் கொஞ்சம் சுலபமாகும்.

ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. அங்கே போனதும் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள். அது அதிகமாக இருந்தால் படம் தெளிவாக வராது, தேதியைத் தள்ளிவைக்கவும் நேரலாம். எனவே, சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் பற்றி முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

ஊசி போட்ட பிறகு சுமார் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். பேச்சுகூட வேண்டாம் என்பார்கள். பேசினால் தொண்டைத் தசைகள் வேலை செய்து சர்க்கரையை இழுக்கும், அந்த இடமும் படத்தில் தெரியும். தொண்டை நோயாளிகளுக்கு இது முக்கியம். துணைக்குப் போனவர் அந்த நேரம் வெளியேதான் உட்கார வேண்டியிருக்கும். கைகாரியமாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதி முடிக்கவும் நல்ல நேரம்.

செலுத்திய மருந்தின் கதிரியக்கம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நிறைய தண்ணீர் குடித்தால் சிறுநீரில் சீக்கிரம் வெளியேறும். கர்ப்பிணிகளிடமும் கைக்குழந்தைகளிடமும் அன்றைக்குச் சில மணி நேரம் நெருங்காமல் இருக்கச் சொல்வார்கள். பேரப்பிள்ளை இருக்கிற வீடு என்றால் முன்பே சொல்லிவைத்துவிடலாம்.

ரிப்போர்ட்டை முதலில் திறப்பது யார்?

ஒரு காலத்தில் ரிப்போர்ட் பெரிய கவரில் வரும். இன்று டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே போனில் லிங்க் வந்துவிடுகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு, அலுவலக மேஜையில் உட்கார்ந்துகொண்டு, தனியாக அதைத் திறந்து பார்த்து உடைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

எனவே ஸ்கேனுக்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவு செய்யலாம். லிங்க் யார் போனுக்கு வரட்டும்? வந்ததும் சேர்ந்து திறப்பதா, டாக்டர் முன்னால்தான் திறப்பதா? 'எனக்கு முதல்ல தெரிய வேண்டாம், நீ பார்த்துக்கோ' என்று அவர் சொன்னாலும் அது அவர் விருப்பம். ஆனால், அவரைக் கேட்காமல் மனைவியும் மகனும் மட்டும் பார்த்துவிட்டு மறைப்பது வேறு. டாக்டர் எதிரில் உட்காரும் அன்றைக்கு அது எப்படியும் தெரிந்துவிடும். அடுத்த முறை 'நல்லா இருக்குங்க' என்று உண்மையாகவே சொன்னாலும் அவரால் நம்ப முடியாது.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வார்த்தைகள் சில வழக்கமாக வரும். 'போஸ்ட் ரேடியேஷன் சேஞ்சஸ்' என்றால் சிகிச்சையால் ஏற்பட்ட மாற்றங்கள். 'நான்-ஸ்பெசிஃபிக்' என்றால் இன்ன காரணம் என்று குறிப்பாகச் சொல்ல முடியாதது. சளி, தொற்றாகக்கூட இருக்கலாம். 'எஸ்.யு.வி' என்பது ஓர் இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்பதைக் காட்டும் எண். மூளையிலும் சிறுநீர்ப்பையிலும் அது இயல்பாகவே அதிகமாக இருக்கும். 'கிளினிக்கல் கோரிலேஷன்' என்றால், நோயாளியை நேரில் பரிசோதித்து இதோடு பொருத்திப் பாருங்கள் என்று ஸ்கேன் டாக்டர், சிகிச்சை டாக்டருக்குச் சொல்வது. அந்த வரி உங்களுக்கானது இல்லை, கூகுளுக்கானதும் இல்லை.

பதில் மூன்று விதமாக வரலாம். எதுவும் தெரியவில்லை என்றால், 12 வாரம் பொறுத்து எடுத்த ஸ்கேன் என்பதால் அது பெரும்பாலும் நம்பக்கூடிய நல்ல செய்தி. நோய் தெளிவாகத் தெரிந்தால், ஊசிப் பரிசோதனை, ஆபரேஷன் என்று அடுத்த கட்டம் உண்டு. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில், 'சந்தேகமாக இருக்கிறது' என்பது. சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். மனதுக்கு மிகவும் கஷ்டமான பதில் இதுதான். இப்படி ஒரு பதிலும் வரலாம் என்பதை முன்பே தெரிந்துவைத்திருந்தால், அந்த அறையில் கால் தடுமாறாது.

'ரிப்போர்ட் வந்துச்சா?'

அந்த நாள்களில் போன் ஓயாது. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஒரே பதிலைப் பத்துப் பேரிடம் சொல்லும்போது, அந்தப் பயத்தை மனைவி பத்து முறை அனுபவிக்கிறாள். நாத்தனாரோ தம்பியோ, ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிடலாம். 'விஷயம் தெரிஞ்சதும் நானே சொல்றேன்' என்று எல்லோருக்கும் அவர் பதில் சொல்லட்டும்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'என்ன ஆச்சு?' என்று கேட்பதைவிட, 'நாளைக்கு மத்தியானச் சாப்பாடு நான் கொண்டுவர்றேன்' என்பது பெரிய உதவி. 'நாலு மணிக்கு பிள்ளையை ஸ்கூல்லேருந்து நான் கூட்டிட்டு வந்துடறேன் அண்ணி' என்றால் இன்னும் பெரிய உதவி.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தாலும் செக்கப் நின்றுவிடாது. தலை, கழுத்துப் புற்றுநோய் திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்தான். அதனால் முதல் ஆண்டில் அடிக்கடியும், பிறகு இடைவெளி விட்டும் டாக்டர் வரச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய வாரம் தூக்கம் கெடலாம். ஆனால், முதல் முறை சேர்ந்து காத்திருக்கப் பழகியவர்களுக்கு இரண்டாவது முறை அவ்வளவு தனிமை இருக்காது.

அடுத்த செக்கப் தேதியைக் காலண்டரில் குறிக்கும்போது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தேதியையும் குறித்துவிடுங்கள். 'அவருக்குச் சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஒரு வருடமாக அந்த மனைவி தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய பி.பி., சுகர் டெஸ்ட்டுக்கான தேதி. அன்றைக்குத் துணைக்கு அவர் போகட்டும்.