வியர்வைக்கும் ஒரு வரைபடம்!

உழைப்பவன் நெற்றியில் அரும்பும் வியர்வையை உலகம் எத்தனையோ விதமாகக் கணக்குப் பார்த்திருக்கிறது. கூலியாக, இலாபமாக, உற்பத்திப் புள்ளியாக! விரல் நுனியில் கசியும் வியர்வையைக் கொண்டு ஊரையே வரைந்து காட்டலாம் என்று 2004-ல் இலண்டனில் ஒரு கலைஞர் கிளம்பினார். கிறிஸ்டியன் நோல்டு என்பது அவர் பெயர்.

வித்தை பெரிதல்ல. மனம் பதறினாலும் பரவசப்பட்டாலும் தோலில் ஈரம் கசிகிறது. மின்சாரம் அதன் வழியே சற்று எளிதாக ஓடுகிறது. விரல்களில் மாட்டிய சிறு கருவி அதை அளக்கிறது. எந்தத் தெருவில் அது நேர்ந்தது என்பதைச் செயற்கைக்கோளின் துணையால் குறித்துக் கொள்கிறது. கிரீன்விச் பகுதியில் 2005, 2006 ஆண்டுகளில் சுமார் 80 பேர் இதை மாட்டிக்கொண்டு தங்கள் தெருக்களைச் சுற்றி வந்தார்கள்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும், தோழர்களே! கருவிக்குக் கோபமும் தெரியாது, காதலும் தெரியாது. ஏதோ நேர்ந்தது என்று மட்டுமே சொல்லும். லாரி இடிக்க வந்ததா, பழைய நண்பன் எதிர்ப்பட்டானா? நடந்தவர் வாய்திறந்தால்தான் கோட்டுக்குப் பொருள். ஆகவே அவரவர் கோட்டின் மேல் அவரவர் சொல்லையே எழுத வைத்தார் நோல்டு. கருவியைவிட இதைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஏன் என்கிறீர்களா? அதே இலண்டனில் இன்னொரு வரைபடம் உண்டு. கப்பல் முதலாளி சார்லஸ் பூத் 1889-ல் தெருத்தெருவாக வறுமைக்கு வண்ணம் தீட்டினார். நகர மக்களில் 100-க்கு 30 பேர் வறியோர் என்று அவர் கணக்கு மாளிகைகளின் முகத்தில் அறைந்தது. அந்தப் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் அடிமட்டத் தெருக்களுக்குக் கறுப்பு மை பூசி, 'தீயோர், பாதிக் குற்றவாளிகள்' என்று குறித்ததும் அந்தப் படந்தான். அந்தத் தெருக்காரனையா கேட்டார்கள்? பள்ளிக்கூட வாரிய ஊழியரைக் கேட்டார்கள். பின்னர் படத்தைத் திருத்தியபோது போலீசாரோடு சுற்றினார்கள்!

இன்று முதலாளிமார்களுக்கும் தொழிலாளியின் மனத்தை எட்டிப்பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் சட்டம் செய்து, 2025 பிப்ரவரி 2 முதல் தொழிலிடங்களிலும் பள்ளிகளிலும் உணர்ச்சியை வேவு பார்க்கும் கணினிகளுக்குத் தடை போட்டது. மருத்துவமும் பாதுகாப்பும் விதிவிலக்காம். 'பாதுகாப்பு' என்ற வாசலில் எத்தனை மேஸ்திரிகள் நுழைவார்களோ!

நகரத்துக்குத் திட்டம் போடுவோர் இந்தக் கருவியோடு வந்தால் வரட்டும். நாம் கேட்பது இதுதான். நடக்கப் போவது யார், எந்த நேரத்தில்? பகல் பதினோரு மணிக்கு நிழற்சாலையில் உலாவுபவர் படம் வேறு. இரவு ஷிப்டு முடித்து, விளக்கில்லாத சாலையில் சைக்கிள் மிதிப்பவன் படம் வேறு. படம் யாருக்குச் சொந்தம்? அதைப் பார்த்து வரப்போவது தெருவிளக்கா, குடிசையைப் பிரிக்கும் உத்தரவா? எழுத்தில் பதில் தரட்டும். பிறகு விரலை நீட்டுவோம்.