வெலிங்டனிலிருந்து வெலிங்டனுக்கு

வெலிங்டன் கடைவீதியிலும் அதைச் சூழ்ந்த குடியிருப்புகளிலும் ஹட்டிகளிலும் வாழும் பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

நீலகிரியில் ஜெகதளாவை ஒட்டி எழுந்த பட்டாளத்துப் பாளையத்துக்குச் சூட்டிய அதே வெலிங்டன் பிரபுவின் பெயரை நியூசிலாந்தின் தலைநகருக்கும் சூட்டிவைத்த வெள்ளைக்காரரின் சொற்பஞ்சத்தால், பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் ஒரே பெயரைத் தாங்கி நிற்கும் விசித்திரமான பாக்கியம் எனக்கு வாய்த்தது. இங்கும் மலை உண்டு, மழை உண்டு. நகரத்துக்கு வடகிழக்கே ரெமுட்டாக்கா என்னும் மலையைக் கடந்து செல்லும் சாலையின் உச்சி 555 மீட்டர்தான் என்றாலும், அதன் வளைவுகளில் வண்டியைத் திருப்பும்போதெல்லாம், மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு ஏற்றிச் சென்ற என் தகப்பனாரின் லாரியில், பர்லியாறுக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுவனாகி விடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வண்டி டீசல் வண்டி. இந்தத் தேசத்தில் பெட்ரோல் வாங்குகிறவன் சாலைக்கான வரியைப் பம்பிலேயே செலுத்திவிடுகிறான். டீசலுக்கு அந்த வரி கிடையாது. அதற்குப் பதிலாக, ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் வீதம் முன்கூட்டியே கட்டி, எத்தனையாவது கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று அச்சிட்ட சீட்டை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். 2024 ஏப்ரல் முதல் மின்சார வண்டிகளுக்கும் இதே விதி. பெட்ரோல் வரியும் கிலோமீட்டர்க் கட்டணமும் போக்குவரத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு தனி நிதியில் சேருகின்றன. இதனால் இங்குள்ள சாலைகளில் குழியே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் மலைச்சாலைகளை அடித்துக்கொண்டு போனபோது அந்த நிதி போதாமல் பொதுக் கஜானாவைத்தான் திறக்க நேர்ந்தது. ஆனாலும் சீட்டைக் கையில் வாங்கும் பிரஜைக்கு, தான் எதற்குக் காசு கொடுத்தோம் என்பது தெரிகிறது.

நமக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. எம். ஆர். ஜெயக்கர் தலைமையில் 1927-ல் அமைந்த குழு, மோட்டார் வண்டி பெருகுவதால் நாசமாகும் சாலைகளைப் பராமரிப்பது ஜில்லா போர்டுகளின் சக்திக்கு மிஞ்சிய காரியம் என்று கண்டு, பெட்ரோலின்மீது கூடுதல் வரி விதித்து அதைச் சாலைக்கே செலவிட வேண்டும் என்று கூறியதன் பேரில், 1929-ல் காலனுக்கு இரண்டணா வீதம் வசூலித்து மத்தியச் சாலை நிதியை உண்டாக்கினார்கள். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்புதான், சீமையிலே நிதி மந்திரியாயிருந்த சர்ச்சில் அங்கிருந்த சாலை நிதியில் கைவைத்துப் பெயர் வாங்கியிருந்தார். ஆகவே ஒரு காரியத்துக்கென்று சேர்த்த உண்டியல் எவ்வளவு சுலபமாக உடையும் என்பதை அக்காலத்தவர் அறியாதவர்கள் அல்லர். சென்னை மாகாணத்தில் 1931-ல் மோட்டார் வரிச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் நின்ற சுங்கச்சாவடிகளை ஒழித்தது. 1939-ல் ராஜாஜி சர்க்கார், மதுவிலக்கினால் ஏற்பட்ட வருமான நஷ்டத்தைச் சரிக்கட்டப் பெட்ரோல் விற்பனையின்மீதும் வரி போட்டது. அது சாலைக்கென்று வாக்குறுதி தந்து வாங்கிய வரி அன்று. பொதுச் செலவுக்கு வாங்கியது. இன்று தமிழ்நாடு பெட்ரோலுக்கு வாங்கும் 13 சதவிகிதமும் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் அவ்வகையைச் சேர்ந்தவையே. அதைப் பற்றி எனக்குப் பெரிய மனஸ்தாபம் இல்லை.

மனஸ்தாபம் வேறிடத்தில் இருக்கிறது. சாலையின் பெயரைச் சொல்லியே வாங்குகிற மத்திய மேல்வரி, 2020 மே மாதத்தில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 18 ரூபாயாக ஏறியது. 2022 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 5 ரூபாயாகவும் டீசலுக்கு 2 ரூபாயாகவும் இறங்கிற்று. இவ்விரண்டு வருஷத்துக்குள் நாட்டின் சாலைகள் மூன்று மடங்கு நன்றாகிவிட்டனவா? ஊரடங்கில் கச்சா எண்ணெய் விலை வீழ்ந்தபோது ஏற்றினார்கள். விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்தபோது இறக்கினார்கள். சாலைக்கு எவ்வளவு தேவை என்ற கேள்வி இரண்டு தடவையும் எழவே இல்லை. போதாக்குறைக்கு, 2000-ஆம் வருஷத்துச் சாலை நிதிச் சட்டம் 2018-ல் சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதிச் சட்டமாகி, சாலையல்லாத காரியங்களுக்கும் கதவு திறந்தது. மேல்வரியாதலால், மற்ற வரிகளைப் போல் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. இந்நிதியிலிருந்து மாநிலச் சாலைகளுக்கு ஒதுக்கும்போதோ, எண்ணெய் செலவாகும் அளவையும் நிலப்பரப்பையும் பிரதானமாகக் கொள்கிறார்கள்.

மாநிலங்களுக்குப் பங்கிடும் இந்த அளவுகோலை நம் மலைக்கும் வைத்தால் எவ்வளவு பொருந்தாது என்று யோசித்துப் பாருங்கள். பரப்பில் நாம் சிறியவர்கள். சீஸனுக்கு மேலே ஏறி வரும் கார்களோ பெரும்பாலும் கோயம்புத்தூரிலும் மேட்டுப்பாளையத்திலும் தொட்டியை நிரப்பிக்கொண்டு வருகின்றன. தேய்வது நம் வளைவு. 2024 மே மாதத்தில் உயர்நீதிமன்றம் மலையேறி வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையைக் கொண்டுவந்து, மறு வருஷம் சீஸன் நாட்களில் வார நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு கட்டியதிலிருந்தே பாரத்தை ஊகிக்கலாம். சமவெளியில் ஒரு மைல் சாலை என்றால் ஜல்லியும் தாரும். மலையில் ஒரு மைல் என்றால் தடுப்புச்சுவர், பக்கக் கால்வாய், சிறுபாலம், அதற்கு மேலே நிற்கும் மண். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஜில்லாவில் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழையைத் தடுத்திருக்க யாராலும் முடியாது. ஆனால் மண்ணும் குப்பையும் அடைத்துக்கொண்ட கால்வாயில் போக்கற்ற நீர், சாலையின் அடியைத் தேடிப் போகிறது என்பதை அறிய எஞ்சினீயர் பரீட்சை தேற வேண்டியதில்லை. பச்சைத் தேயிலை ஏற்றும் எந்த டிரைவரும் சொல்லுவார்.

ஆகவே உங்களிடம் ஒரு விண்ணப்பம். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் கடைவீதியில் கூடிக் கோஷம் போடுகிறோம், நானும் போட்டவன்தான். இனி விலையைக் குறை என்பதோடு நில்லாமல், வாங்கியதைக் காட்டு என்றும் கேளுங்கள். மேட்டுப்பாளையம் சாலை தேசிய நெடுஞ்சாலை, கோத்தகிரி சாலை மாநிலத்துடையது, பாளையத்து எல்லைக்குள் இருப்பவை கன்டோன்மென்டைச் சேர்ந்தவை என்று மூன்று எஜமானர்கள் இருப்பதால், ஒருவரிடம் கேட்டால் மற்றவரைக் கைகாட்டுவார்கள்; மூவருக்கும் ஒரே நாளில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். புது ரோடு எத்தனை மைல் என்று கேட்க வேண்டாம்; அதற்குப் படத்தோடு பதில் வரும். ஐப்பசி மழைக்கு முன் கால்வாய் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த வளைவிலிருந்து எந்த வளைவு வரை தூர்வாரினார்கள் என்று மட்டும் கேளுங்கள். சீக்கிரம் கேட்பது நல்லது. மின்சார வண்டிகள் பெருகி எண்ணெய் வரி வற்றத் தொடங்கினால், இங்கே போல அங்கேயும் கிலோமீட்டருக்குக் காசு என்று ஒரு நாள் வரும், அப்போது வகுக்கப்படும் கணக்கிலாவது சரிவும் மழையும் இடம்பெற வேண்டுமல்லவா?

வருகிற ஐப்பசியில் ஊருக்கு வருகிறேன். குன்னூர் வரை ரயிலில் ஏறத்தான் ஆசை. எனினும் இம்முறை பர்லியாறிலிருந்து தம்பியின் வண்டியில், எத்தனை சிறுபாலங்களுக்கு வாய் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே மெதுவாக மேலேறுவதாக உத்தேசம்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப் பிள்ளை